வார்டு கவுன்சிலரால் உண்மையில் என்ன செய்ய முடியும்?

சென்னைப் புறநகரில் உள்ள ஒரு நகராட்சியில் சில ஆண்டுகளுக்கு முன் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறிய ஒருவர் கேட்டிருக்கிறார்: எங்கள் தெருவுக்குச் சாலை போடவில்லை, மழை பெய்தால் தண்ணீர் வடிய வழியில்லை. கவுன்சிலரிடம் போனால் "என் கையில் ஒன்றும் இல்லீங்க" என்கிறார். எங்கள் வார்டில் இருப்பதில் பாதிப் பேர்தான் பக்கத்து வார்டில், ஆனால் வேலை எல்லாம் அங்கேதான் நடக்கிறது. அடுத்த தேர்தலில் எங்கள் நலச் சங்கத்திலிருந்து ஒருவரைச் சுயேச்சையாக நிறுத்தினால் ஏதாவது மாறுமா?

பார்க்க மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். வார்டு உறுப்பினர் என்கிற அந்த நாற்காலிக்கு அதிகாரம் இருக்கிறதா, இருந்தால் அது எங்கே இருக்கிறது? அதற்கு விடை தெரிந்தால் ஆளை நிறுத்துவதா வேண்டாமா என்பது தானாகத் தெளிந்துவிடும். நான் நகராட்சி அலுவலகத்தில் மன்றப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கூட்டப்பொருள் (அஜெண்டா) தயாரிப்பது, தீர்மானம் எழுதுவது, தேர்தல் வந்தால் வேட்புமனு மேசையில் உட்காருவது, இவைதான் என் பிழைப்பு. வழக்கறிஞன் இல்லை. அதனால் உறுதியாகத் தெரிந்ததையும், உங்கள் ஊர்க் கோப்பைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாததையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் உறுதியானது. கவுன்சிலர் தனியாளாக ஓர் உத்தரவும் போட முடியாது. நகராட்சியில் நிர்வாக அதிகாரம் ஆணையரிடம் இருக்கிறது. பொறியாளர், சுகாதார ஆய்வாளர், பில் கலெக்டர், தண்ணீர் திறக்கும் ஃபிட்டர் எல்லோரும் ஆணையருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள். கவுன்சிலர் போனில் சொன்னதும் குப்பை வண்டி வருகிறதென்றால் அது மரியாதைக்கும் பழக்கத்துக்கும் வருவது, சட்டப்படி அல்ல. உங்கள் கவுன்சிலர் சொன்னதில் இந்த அளவு உண்மை உண்டு. மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை, அல்லது அவருக்கே தெரியாது. அதிகாரம் இருப்பது மன்றத்தில். அந்த மன்றத்தில் அவருக்கு ஒரு வாக்கும், பேசுவதற்கு ஒரு வாயும், பதிவாகும் ஒரு பெயரும் உண்டு.

ஒரு தெருச் சாலை எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். யாரோ மனு கொடுக்கிறார்கள். உதவிப் பொறியாளர் வந்து அளந்து எஸ்டிமேட் போடுகிறார். எந்த நிதியில் செய்வது என்று குறிக்கப்படுகிறது. அலுவலகக் குறிப்போடு கூட்டப்பொருளில் ஏறுகிறது. மன்றம் 'அனுமதிக்கப்பட்டது' என்று தீர்மானம் போட்டபின் டெண்டர், ஒப்பந்தக் குழு, வேலை உத்தரவு, வேலை, அளவுப் புத்தகம், பில். இந்த வரிசையில் கவுன்சிலர் கை வைக்கக்கூடிய இடம் மிக முன்னாலேயே, எஸ்டிமேட் கட்டத்திலேயே வந்துவிடுகிறது. கூட்டத்தில் எழுந்து சத்தம் போடுகிறவர் செய்தித்தாளில் வருவார். ஜனவரியில் பொறியியல் பிரிவில் உட்கார்ந்து தன் வார்டின் நான்கு தெருக்களுக்கு எஸ்டிமேட் போட வைத்தவருக்குத்தான் வரவுசெலவுத் திட்டத்தில் இடம் கிடைக்கும். கூட்டம் மாதம் ஒருமுறையாவது நடக்க வேண்டும். நூறு பொருள் உள்ள அஜெண்டா அரைமணி நேரத்தில் நிறைவேறுவதும் உண்டு. அதில் சில, வேலை முடிந்து பில் கொடுக்கும் கட்டத்தில் மன்றத்தின் அனுமதியை எதிர்நோக்கிச் செய்ததாக வரும். கடைசி நேரத்தில் மேசைப் பொருளாக வைப்பதும் உண்டு. கூட்டப்பொருளை முன்கூட்டியே வாங்கி வீட்டில் உட்கார்ந்து படித்துவிட்டு வரும் கவுன்சிலர்கள் எப்போதும் கொஞ்சம் பேர்தான். அப்படி ஒருவர் இருந்தால் ஆணையரும் எழுத்தரும் அந்த மாதம் சற்றுக் கூடுதல் கவனத்தோடு குறிப்பு எழுதுவார்கள். இதைப் பிரிவில் இருந்து பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

அடுத்தது பணம். நகராட்சியின் சொந்த வருமானம் சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை போன்றவை. அதில் பெரும்பகுதி சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம், துப்புரவு என்று போய்விடும். புது வேலைக்கு வரும் பணம் பெரும்பாலும் மானியமாகவோ திட்ட நிதியாகவோ வரும். அது எதற்கு என்பதை மேலே முடிவு செய்துதான் அனுப்புகிறார்கள். மத்திய அரசின் 15-ஆவது நிதிக் குழு மானியத்தில் பத்து லட்சத்துக்குக் கீழ்ப்பட்ட ஊர்களுக்கு 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டது. வரியே கூட அப்படித்தான். 2022 மார்ச் 2-ஆம் தேதி கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். அந்த மாதம் முடிவதற்குள் சொத்து வரிச் சீராய்வு அரசிடமிருந்து வந்துவிட்டது. நகராட்சிகளில் குடியிருப்புகளுக்கு வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 முதல் 100 விழுக்காடு வரை உயர்வு. தீர்மானம் போட்டது புது மன்றங்கள், ஏச்சு வாங்கியது கவுன்சிலர்கள், விகிதத்தை முடிவு செய்தது அவர்கள் அல்லர். மன்றம் போட்ட தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பொறுப்புகளைப் பட்டியல் போட்டது. ஆனால் அவற்றைக் கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்பதை மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டது. அந்த இடைவெளியில்தான் உங்கள் கவுன்சிலர் நிற்கிறார். 2023 ஜூலையிலிருந்து நகராட்சி உறுப்பினருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் தரப்படுகிறது. அதற்கு முன் மாதப் படி என்றே ஒன்று இல்லை, கூட்டப் படிதான். தேர்தலுக்குப் பல லட்சம் செலவு செய்துவிட்டு இந்தப் பதவிக்கு வருகிறவர் அதை எங்கே எடுப்பார் என்று நீங்கள் கேட்கக்கூடும். வார்டில் வீடு கட்டுகிற எவரைக் கேட்டாலும் பதில் சொல்வார்.

புறநகரில் இன்னொரு சிக்கல், வேலை எந்தத் துறையுடையது என்பது. ஏரி பெரும்பாலும் நீர்வளத்துறைக்கு, பிரதான சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு, பட்டா வட்டாட்சியருக்கு, மின்கம்பம் மின்வாரியத்துக்கு. மழைநீர் வடிகாலை நகராட்சி கட்டினாலும் அது போய்ச் சேரும் கால்வாய் வேறு துறையுடையதாக இருக்கும். இரண்டும் மட்டம் சேராமல் தண்ணீர் தெருவிலேயே நிற்பதை எத்தனையோ ஊரில் பார்க்கலாம். உங்கள் தெருவில் நிற்கும் நீருக்கு இதுவா காரணம் என்று இங்கிருந்து சொல்ல முடியாது, மட்டம் எடுத்த பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு சொல் என்னை நிறுத்தியது: மனை வாங்கி வீடு கட்டினோம் என்கிறீர்கள். அந்த மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா? அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவில் சாலைகளையும் பூங்கா இடத்தையும் மனை போட்டவர் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார். அதன்பின் அது நகராட்சியின் சாலை, நகராட்சிப் பணத்தைச் செலவழிக்கலாம். தானப் பத்திரம் இல்லையென்றால் வரைபடத்தில் நீங்கள் பார்க்கும் 30 அடிச் சாலை ஏட்டில் யாரோ ஒருவருடைய பட்டா நிலம்தான். அதில் தார் போட்டால் தணிக்கையில் ஆட்சேபணை வரும் என்பதால் உதவிப் பொறியாளர் எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடத் தயங்குவார், வெளியே சொல்லவும் மாட்டார். "பார்க்கலாம் சார்" என்பார். பஞ்சாயத்தாக இருந்த காலத்தில் போட்ட மனைப்பிரிவுகள் நகராட்சிக்குள் வந்த எல்லா ஊரிலும் இந்தக் கதை உண்டு. 2016 அக்டோபர் 20 வரை பதிவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. பலர் தங்கள் தனி மனைக்கு வரன்முறை வாங்கிக்கொண்டார்கள், ஆனால் அதன் சாலை நகராட்சிக்கு வந்ததா என்று பார்த்தவர்கள் குறைவு. ஆகவே கவுன்சிலரைத் திட்டுவதற்கு முன் பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள்: எங்கள் தெரு நகராட்சியின் சாலைப் பதிவேட்டில் உள்ளதா, தானப் பத்திர எண்ணும் நாளும் என்ன, நகல் தருக. முப்பது நாளில் பதில் வர வேண்டும். பதில் 'இல்லை' என்றால், நீங்கள் யாரைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் அதைத்தான் சரி செய்ய வேண்டியிருக்கும்.

இனி வார்டு அளவு. உங்கள் வார்டில் பக்கத்து வார்டைப் போல இரண்டு மடங்கு ஆட்கள் இருப்பது நம்பக்கூடியதே. தமிழ்நாட்டில் இப்போதைய வார்டு எல்லைகள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டவை. 2017-இல் மாநிலத் தேர்தல் ஆணையரைத் தலைவராக வைத்து அமைத்த மறுவரையறை ஆணையம் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் பிரித்தது. 2011-இல் வயலாகவும் காலி மனையாகவும் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள். ஊர் நடுவிலுள்ள பழைய தெருக்களில் எண்ணிக்கை கூடவே இல்லை. கோடு போட்ட அன்று ஏறக்குறையச் சமமாக இருந்தவை இன்று அப்படி இல்லை. சட்டமன்றத் தொகுதியிலும் இதே நோய்தான்: 2021 தேர்தலில் சோழிங்கநல்லூரில் ஆறு லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள், வேறு சில தொகுதிகளில் இரண்டு லட்சத்துக்கும் குறைவு.

அடுத்த தேர்தலுக்குள் இது சரியாகுமா? இப்போதைய மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. புதிய கணக்கெடுப்பின் மக்கள்தொகைக்கான அடிப்படை நாள் 2027 மார்ச் 1. அரசியல் சட்டத்தில் நகராட்சிகளைப் பற்றிய பகுதியில் 'மக்கள்தொகை' என்றால் கடைசியாக எடுத்து, புள்ளிவிவரம் வெளியான கணக்கெடுப்பு என்றே பொருள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உரிய காலத்தில் தேர்தல் நடந்தால் அது 2011 எண்ணிக்கையில்தான் நடந்தாக வேண்டும். தேர்தல் தள்ளிப்போனால் கதை வேறு. அதுவரைக்கும் உங்கள் ஊரைப் பக்கத்துப் பஞ்சாயத்தோடு சேர்த்தாலோ, மாநகராட்சியோடு இணைத்தாலோ கோடு மாறும். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது எல்லாம் அழிந்து 70 வார்டுகளாயின. அதற்கு முன் ஒரு நகராட்சிக்கே தலைமை தாங்கியவர்கள் எழுபதில் ஓர் உறுப்பினராக வரப் போட்டியிட வேண்டியதாயிற்று. பரப்பு பெரிதானால் சேவை கூடும் என்பார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. தெருவிலிருந்து அலுவலகத்துக்குத் தூரம் கூடியது மட்டும் நிச்சயம்.

எல்லைக் கோட்டில் குறையிருந்தால் நீதிமன்றம் போகலாமா என்று சங்கத்தில் யாராவது கேட்பார்கள். அரசியல் சட்டத்தின் 243 இசட்.ஜி. பிரிவு அந்தக் கதவைப் பெரும்பாலும் மூடிவைத்திருக்கிறது. மறுவரையறைச் சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. பயன் தரும் நேரம் வரைவு வெளியாகும்போதுதான். அப்போது ஆட்சேபணைக்குக் குறுகிய காலக்கெடு தருவார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் கட்சிக்காரர்கள் மட்டும் வந்திருப்பார்கள். அவர்கள் கையில் தெரு வாரியாக வாக்கு யாருக்கு விழுந்தது என்கிற கணக்கு இருக்கும், நலச் சங்கங்கள் கையில் ஒன்றும் இருக்காது. ஒரு தெருவின் இரண்டு பக்கமும் இரண்டு வார்டில் விழுவது, ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்தை இந்தப் பக்கத்தோடு ஒட்டுவது போன்றவற்றை வரைபடத்தோடு எழுதிக் கொடுத்தால் மாற்றியிருக்கிறார்கள்.

ஆனால் பக்கத்து வார்டு சின்னது என்பதால்தான் அங்கே வேலை நடக்கிறது என்று நீங்கள் முடிவு கட்டியதை நான் ஏற்கத் தயங்குகிறேன். அது இருக்கலாம். அந்த உறுப்பினர் தலைவரின் ஆளாக இருக்கலாம். அங்கே தெருக்கள் எல்லாம் பதிவேட்டில் ஏறியவையாக இருக்கலாம். குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியதால் அந்தத் திட்டப் பணத்திலேயே திரும்பச் சாலை போட்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒரே மாதிரிதான் தெரியும். கடந்த மூன்று நிதியாண்டில் வார்டு வாரியாக எடுத்த பணிகள், தொகை, நிதி ஆதாரம் என்று ஒரு பட்டியலைத் தகவல் உரிமையில் கேட்டு வாங்குங்கள். நிதி ஆதாரம் என்கிற அந்தக் கடைசிக் கலம் முக்கியம். பட்டியல் வந்தபின் உங்கள் சந்தேகம் சரியென்று தெரிந்தால், அதுதான் கவுன்சிலரிடமும் தலைவரிடமும் நீங்கள் கொண்டுபோக வேண்டிய தாள்.

சுயேச்சை வேட்பாளர் விஷயத்துக்கு வருகிறேன். வேட்பாளருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். அந்த நகராட்சியில் ஏதாவது ஒரு வார்டில் பெயர் இருந்தால் போதும், முன்மொழிபவர்தான் அதே வார்டுக்காரராக இருக்க வேண்டும். நகராட்சிக்கு வரி பாக்கி வைத்திருக்கக் கூடாது. சொத்து வரி, தொழில் வரி, குடிநீர் எல்லாம் கட்டி ரசீது கையில் இருக்கட்டும். மனுப் பரிசீலனை அன்று நல்ல ஆட்கள் இந்தச் சின்ன விஷயத்தில் வெளியே போவதைப் பார்த்திருக்கிறேன். நகராட்சியில் ஒப்பந்த வேலை எடுத்தவர் நிற்க முடியாது. டெபாசிட் 2022-இல் நகராட்சி வார்டுக்கு 2,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி.

இட ஒதுக்கீடுதான் உங்கள் திட்டத்தைத் தலைகீழாக்கக் கூடியது. 2016-இல் சட்டம் திருத்தப்பட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு ஆனது. பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி வார்டுகள், அவற்றிலும் பாதி பெண்களுக்கு. எந்த வார்டு யாருக்கு என்பது சுழற்சியில் மாறும், அரசிதழில் வந்தால்தான் நிச்சயம். அதுவும் தேர்தலை ஒட்டித்தான் வரும். ஆண் ஒருவரை மட்டும் மனதில் வைத்து இரண்டு ஆண்டு வேலை செய்துவிட்டு, வார்டு பெண்களுக்கு என்று அறிவிப்பு வந்ததும் அவர் மனைவியை நிறுத்துவது நம் ஊரில் சகஜம். அப்புறம் ஐந்தாண்டும் கணவர்தான் அலுவலகத்துக்கு வருவார், கையெழுத்துக்கு மட்டும் தாள் வீட்டுக்குப் போகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முதலிலிருந்தே சங்கத்தில் மனு எழுதுகிற, தண்ணீர் வராத அன்று ஃபிட்டரிடம் பேசுகிற பெண் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரையும் சேர்த்தே யோசியுங்கள். பொது வார்டிலும் பெண் நிற்கலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வென்றால் என்ன செய்ய முடியும்? 2022-இல் 138 நகராட்சிகளுக்கு 3,843 உறுப்பினர் இடங்கள், சராசரியாக ஓர் ஊருக்கு 28. தலைவரை இவர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 2011-இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள், பிறகு சட்டம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி, 2019 நவம்பர் அவசரச் சட்டத்திலிருந்து மறைமுகத் தேர்தல். ஆகவே வார்டில் நீங்கள் போடும் வாக்கு தலைவருக்கும் சேர்த்தே விழுகிறது. ஒரு கட்சிக்கு 22 பேர் இருந்தால் உங்கள் சுயேச்சையின் கை யாருக்கும் தேவைப்படாது. 13-க்கு 13 என்று நின்றுவிட்டால் தெருச் சாலை என்ன, பூங்காவே கேட்கலாம். கட்சித் தாவல் தடைச் சட்டமான பத்தாவது அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும்தான், கவுன்சிலருக்கு இல்லை. 2022 மார்ச் 4-இல் கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகள் சிலவற்றில் அப்போதைய ஆளுங்கட்சிக்காரர்களே போட்டியிட்டு வென்றதும், அவர்களைப் பதவி விலகும்படி முதலமைச்சர் சொல்ல வேண்டியிருந்ததும் எல்லோரும் பார்த்ததுதான். இந்த நெகிழ்வு சுயேச்சைக்கு வாய்ப்பு, அதே நேரம் ஆபத்தும்கூட. நலச் சங்கத்தின் ஆளாக வென்றவர் ஆறு மாதத்தில் துண்டு மாற்றிக்கொண்டால் உங்களால் திரும்ப அழைக்க முடியாது. என் அனுபவத்தில் பெரும்பான்மை உறுதியான மன்றத்தில் தனியாளாக இருந்த சுயேச்சைகளால் புதிதாக ஒன்றைக் கொண்டுவருவது கடினமாக இருந்தது. தவறான ஒன்றைத் தடுப்பது, பூங்கா இடத்தைக் கடைக்குக் குத்தகை விடும் பொருளுக்கு எதிராகத் தன் மறுப்பைப் பதிவு செய்யச் சொல்வது, பின்னால் வழக்குக்கு அந்தப் பதிவு உதவுவது, இதெல்லாம் முடிந்தது.

வெற்றி வாய்ப்பைக் கணக்கிடுகிறவர்கள் வாக்குப் பதிவைப் பாருங்கள். 2022 பிப்ரவரி 19-இல் பேரூராட்சிகளில் நான்கில் மூன்று பேர் வாக்களித்தார்கள், நகராட்சிகளில் சுமார் 68 விழுக்காடு, மாநகராட்சிகளில் 52, சென்னையில் 44-கூட எட்டவில்லை. ஊர் நகரமாக ஆக ஆக இது இறங்குகிறது. அடுக்குமாடியில் குடியிருப்பவர் வாக்களிக்காததற்குச் சோம்பல்தான் காரணம் என்று சொல்வார்கள். பாதிக்கு மேல் காரணம் பட்டியல் என்பது என் ஊகம், நிரூபிக்க என்னிடம் கணக்கில்லை. பெயர் இன்னும் பழைய வீட்டு முகவரியில் இருக்கிறது, அல்லது சொந்த ஊரில். உள்ளாட்சி வாக்காளர் பட்டியல் தனியாக எடுக்கப்படுவதில்லை. சட்டமன்றப் பட்டியலை வார்டு வாரியாகப் பிரித்துத்தான் தயாரிக்கிறார்கள். பெயர் புது முகவரிக்கு மாறியிருந்தால்தான் உங்கள் வார்டில் வரும், அதற்குப் படிவம் 8. மாற்றிய பிறகும் பிரிக்கும்போது ஒரு தெரு முழுவதும் பக்கத்து வார்டில் போய் உட்கார்ந்துவிடுவது நடக்கிறது. வார்டுப் பட்டியல் வெளியானதும் தெருத் தெருவாகச் சரிபார்க்க இரண்டு பேரைப் போடுங்கள். 2025 இறுதியில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு இது இன்னும் அவசியம். சில நூறு வாக்கு வித்தியாசத்தில் முடியும் வார்டில், பட்டியலில் ஏறாத ஓர் அடுக்குமாடி வளாகம் முடிவையே மாற்றிவிடும்.

தேர்தல் வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை. 2022 ஜூனில் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டுக்கும் வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு, கவுன்சிலர்தான் தலைவர். அந்த ஆண்டு நவம்பர் 1-இல் உள்ளாட்சிகள் தினத்தன்று முதல்முறை கூட்டினார்கள், பம்மலில் நடந்ததற்கு முதலமைச்சரே வந்தார். அதன்பின் பல ஊர்களில் பகுதி சபை என்பது பேனர், நாற்காலி, புகைப்படம் என்று ஆகிவிட்டது. இருந்தாலும் அங்கே கொடுக்கும் கோரிக்கை பதிவேட்டில் ஏறுகிறது. பதிவானதற்கு என்ன நடவடிக்கை என்று மூன்று மாதம் கழித்துக் கேட்க முடியும், கவுன்சிலர் வீட்டுத் திண்ணையில் வாயால் சொன்னதைக் கேட்க முடியாது. 'நமக்கு நாமே' திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். தானப் பத்திரம் சரியாக உள்ள தெருவில், வீடுகள் சேர்ந்து பணம் போட முன்வந்தால், இந்த வழி தேர்தலைவிட வேகமானது. வரி கட்டுகிறோமே, திரும்ப ஏன் பணம் என்று சங்கத்தில் சண்டை வரும். நியாயமான சண்டைதான்.

தேர்தல் உரிய நாளில் நடக்குமா என்பதுதான் மீதமிருக்கும் சந்தேகம். சட்டம் தெளிவு: 243யு பிரிவின்படி ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் முடிந்திருக்க வேண்டும், உச்ச நீதிமன்றமும் 2006-இல் கிஷன்சிங் தோமர் வழக்கில் அதையே சொன்னது. நடைமுறை வேறு. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை, அறிவிக்கை வெளியிட்ட முறை விதிகளுக்கு ஒத்துவரவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நகர்ப்புறத்தில் அடுத்த தேர்தல் வர 2022 பிப்ரவரி ஆயிற்று. ஐந்து ஆண்டுக்கும் மேல் அரசு நியமித்த தனி அலுவலர்கள் ஆண்டார்கள், தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாததால் மத்திய மானியமும் நின்றது. ஊரகத்தில் 27 மாவட்டங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்ததும் அங்கே மறுபடியும் தனி அலுவலர்கள்தான் வந்தார்கள். உங்கள் நகராட்சியிலும் அப்படி ஆனால் கவுன்சிலர், மன்றம், பகுதி சபை மூன்றும் இருக்காது, ஆணையரும் தனி அலுவலரும் ஒருவராகவே இருப்பார். அப்போது உங்கள் கையில் இருக்கப் போவது தானப் பத்திர நகலும் அந்த வார்டு வாரிப் பட்டியலும்தான். அதனால் தகவல் உரிமை மனு இரண்டையும் இந்த வாரமே போட்டுவிடுங்கள். வேட்பாளர் யார் என்ற பேச்சை ஒதுக்கீட்டு அறிவிப்பு வந்தபின் வைத்துக்கொள்ளலாம்.